ஜிம் சந்தாவா, வீட்டிலேயே ஜிம்மா? பணம் கட்டும் முன் ஒரு தி.நகர் கணக்கு!

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். ஜனவரி பிறந்தால் ஜிம் பேனர் பிறந்துவிடும். தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து ஜி.என்.செட்டி சாலை வரை ஒரு நடை போய் வந்தால் போதும். 'ஒரு வருஷம் கட்டினால் மூன்று மாசம் இலவசம்', 'அட்மிஷன் ஃபீஸ் கிடையாது', 'ஆஃபர் இன்றே கடைசி' என்று மாடிக்கு மாடி தொங்கும். வீட்டுக்கு வந்து மொபைலைத் திறந்தால் அங்கே வேறு கதை. மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய டிரெட்மில், மாதத் தவணையில் வரத் தயார் என்று கண் சிமிட்டும்.

அங்கே ஆரம்பிக்கும் பஞ்சாயத்து. "ஒரு டிரெட்மில் வாங்கிப் போட்டா வீட்ல எல்லாரும் நடக்கலாமே" என்பார் அப்பா. "வீட்ல செஞ்சா செட் ஆகாது, ஜிம்முக்குத்தான் போகணும்" என்பான் பையன். "ரெண்டும் வேணாம், தினமும் நான் மூணு மாடி ஏறி இறங்கறேனே, அது போதாதா?" என்பார் அம்மா. மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால், மூன்று பேருமே விலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். ஜிம் சந்தாவோ, வீட்டு ஜிம்மோ, பணம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் விலை இல்லை. அந்த நேரம் நம் கையில் இல்லாமல் போவதுதான். இந்த வாரம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், உடம்பு எவ்வளவு கேட்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சுருக்கமானது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். அதாவது, பேச முடியும், ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடப்பது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, உடலைச் சமநிலையில் வைக்கும் பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். 150 நிமிடம் என்பது வாரத்தில் ஐந்து நாள், தினமும் அரை மணி நேர நடை. அதற்கு ஜிம்மும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். மிச்சம் இருப்பது வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாம் உண்மையில் பணம் செலவழிக்கலாமா என்று யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது பாதிக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு என்று பலர் முதலில் வாங்குவது டிரெட்மில். இலவசமாகக் கிடைக்கும் நடைக்குத்தான் இருப்பதிலேயே பெரிய தொகையைக் கொடுக்கிறோம்!

'ஒரு தடவைக்கு எவ்வளவு?' கணக்கு

ஜிம் கட்டணத்தை நாம் மாதத்தால் வகுத்துப் பழகிவிட்டோம். வருடத்துக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,250 ரூபாய்தானே என்று மனசு சொல்லும். வகுக்க வேண்டியது மாதத்தால் அல்ல, போன நாள்களால்.

மாதம் 20 நாள் தவறாமல் போனால் வருடத்துக்கு 240 நாள். ஒரு தடவைக்கு 62 ரூபாய் 50 காசு. இரண்டு காபி விலை. அருமையான பேரம். இப்போது நிஜமாக நடப்பதைப் பார்ப்போம். ஜனவரி, பிப்ரவரியில் 20 நாள். மார்ச்சில் 10 நாள். பிள்ளைகளின் பரீட்சை, கோடை விடுமுறை, கல்யாண சீசன் என்று வந்தபின் மாதம் 2 நாள். மொத்தம் 68 நாள். ஒரு தடவைக்கு சுமார் 220 ரூபாய். கட்டணம் அதேதான். விலை மட்டும் மூன்றரை மடங்கு ஏறிவிட்டது.

இது நம் ஊர்ச் சோம்பேறித்தனம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார வல்லுநர்கள் அமெரிக்காவில் மூன்று ஹெல்த் கிளப்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று ஆண்டுகள் ஆராய்ந்து, 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல். அதே கிளப்பில் பத்துத் தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் தடவைக்கு 10 டாலர்தான்! கடைசியாக ஜிம்முக்கு வந்த நாளுக்கும் சந்தாவை ரத்து செய்த நாளுக்கும் இடையே சராசரியாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஓடியிருந்தன. 'அடுத்த வாரத்திலிருந்து போகலாம்' என்ற எண்ணத்துக்கு அவர்கள் மாதா மாதம் பணம் கட்டியிருக்கிறார்கள்.

வீட்டு மிஷினுக்கும் இதே கணக்குதான். 35,000 ரூபாய்க்கு டிரெட்மில் வாங்கி, வாரம் மூன்று நாள் வீதம் இரண்டு வருடம் ஓடினால் ஒரு தடவைக்கு 112 ரூபாய். மூன்றே மாதத்தில் அது துணி காயப்போடும் கொடியாக மாறிவிட்டால், ஓடிய 39 நாளுக்கு, நாள் ஒன்றுக்குச் சுமார் 900 ரூபாய். அந்தக் காசுக்கு நல்ல துணி ஸ்டாண்டே சில வாங்கியிருக்கலாம்.

சந்தா கட்டப் போகிறீர்களா? பில்லைப் பாருங்கள்

ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. 15,000 ரூபாய்ச் சந்தாவுக்கு முன்பு வரியோடு 17,700 ரூபாய். இப்போது 15,750 ரூபாய். 1,950 ரூபாய் மிச்சம். ஆனால், ஒரு விஷயம். கருவிகள், வாடகை போன்றவற்றுக்கு ஜிம் கட்டும் வரியை முன்பு கழித்துக்கொள்ள முடிந்தது. 5 சதவிகித வரியில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் சில இடங்களில் அடிப்படைக் கட்டணமே ஏறியிருக்கலாம். பழைய பில் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி பதிவு எண் இல்லாத சின்ன ஜிம், வரி என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது, பேனரில் இல்லாத செலவுகள். அட்மிஷன் ஃபீஸ், லாக்கர், வண்டி நிறுத்தம், உள்ளே போட்டுக்கொள்ளத் தனி ஷூ, இதெல்லாம் சில்லறை. பெரிய தொகை 'பி.டி.' என்று ஜிம்காரர்கள் சொல்லும் பர்சனல் டிரெய்னிங்கில் இருக்கிறது. பல இடங்களில் அது சந்தாவைவிட அதிகம். பொது மாஸ்டர் ஆரம்பத்தில் எத்தனை நாள் கூடவே நின்று சொல்லிக்கொடுப்பார், அதன் பிறகு கவனிப்பாரா என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மொத்தமாகக் கட்டச் சொன்னால் மட்டும் நிதானம் தேவை. 1932-ல் மும்பையில் தொடங்கி, நாடு முழுக்கக் கிளை பரப்பிய தல்வால்கர்ஸ் ஜிம் நிறுவனம், 2019-ல் கடன் நெருக்கடியில் சிக்கியது. கிளைகள் மூடப்பட்டபோது முன்பணம் கட்டிய உறுப்பினர்கள் பலர் தவித்துப்போனார்கள். அவ்வளவு பெரிய, பழைய பெயருக்கே அந்த நிலை. தி.நகர் வாடகையில் மூன்றாவது மாடியில் நடக்கும் ஒரு ஜிம், மூன்று வருடம் கழித்தும் அதே மாடியில் இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? முதல் தடவை மூன்று மாதத்துக்கு மேல் கட்டாதீர்கள். ஆஃபர் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். ஆடியில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று அடுத்த ஆஃபர் வரத்தான் போகிறது.

சந்தாவை இடையில் நிறுத்திவைக்கும் வசதி, வேறு ஊருக்கு மாறினால் வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் வசதி, பணம் திரும்பத் தரும் நிபந்தனை ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மெசேஜாக இருந்தாலும் பரவாயில்லை. பிரச்னை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.

உஸ்மான் சாலையைக் கடக்காத ஜிம்

தி.நகர்க்காரர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. இங்கே தூரத்தை கிலோமீட்டரில் அளப்பதில்லை, சிக்னலில்தான் அளப்போம். போக 25 நிமிடம், வர 25 நிமிடம் என்றால், வாரம் நான்கு நாள் வீதம் மாதத்துக்கு 13 மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. மெட்ரோ வேலை நடக்கும் பனகல் பார்க் பக்கமும், தீபாவளியிலிருந்து பொங்கல் வரை ரங்கநாதன் தெருப் பக்கமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி எடுத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஜிம்மைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.சி, ஸ்டீம் பாத், மிஷின் பிராண்டு எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, நடந்து போக முடியுமா என்பதுதான். உங்கள் வீடு உஸ்மான் சாலைக்கு எந்தப் பக்கமோ, ஜிம்மும் அதே பக்கம் இருக்கட்டும். இல்லையென்றால் ஆபீஸ் போகும் வழியில் இருக்கட்டும். தினமும் மாம்பலத்தில் ரயில் ஏறுபவர்கள், 2023-ல் திறந்த நடைமேம்பாலத்திலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே தேடலாம். வீட்டுக்குப் போய், காபி குடித்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். சோபாவில் உட்கார்ந்தவர் எழுந்து ஜிம்முக்குப் போனதாகச் சரித்திரம் குறைவு.

வீட்டில் ஜிம் வைக்க எவ்வளவு இடம் வேண்டும்?

இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் ஒரு அறையை ஜிம்மாக மாற்றுவது சினிமா நட்சத்திரங்களுக்குச் சரி. நமக்கு ஆறு அடிக்கு இரண்டு அடியில் ஒரு பாய் விரிக்க இடம் இருந்தால் போதும். கையை இரண்டு பக்கமும் நீட்டினால் ஷோகேஸில் இடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நம் தாத்தாக்களின் வீட்டு ஜிம்மில் கர்லாக்கட்டை ஒன்றுதான் சாமான். மிச்சமெல்லாம் தண்டாலும் பஸ்கியும். இன்று அவற்றையே புஷ் அப், ஸ்குவாட் என்று பெயர் மாற்றிச் செய்கிறோம். தரையில் தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம். முட்டி பிடிக்காதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பஸ்கியாக வைத்துக்கொள்ளலாம். இவை எல்லாம் தசைப் பயிற்சிதான்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வரிசை இதுதான். முதலில் வழுக்காத பாய். அடுத்து ரெசிஸ்டன்ஸ் பேண்ட் எனப்படும் இழுவை ரப்பர். மூன்றாவதாக, எடை கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு ஜோடி டம்ப்பெல். இந்த மூன்றோடு குறைந்தது மூன்று மாதம் ஓட்டுங்கள். சைக்கிளோ டிரெட்மில்லோ அதன் பிறகுதான். டம்ப்பெல் பிளேட்டுகளைக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் உள்ள விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒரு நடை விசாரித்துவிடுங்கள். கையில் தூக்கிப் பார்த்து வாங்கலாம், பேரமும் பேசலாம். ஜனவரியில் ஆசையாக வாங்கி ஜூனில் விற்பவர்கள் ஊர் முழுக்க இருப்பதால், பழைய சாமான்களும் நல்ல நிலையில் கிடைக்கும். இரும்புக்கு வயசாவதில்லை. மோட்டார் உள்ள மிஷினைப் பழையதாக வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

டிரெட்மில்தான் வேண்டும் என்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, கரன்ட் பில். 2 ஹெச்.பி மோட்டார் முழு வேகத்தில் சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். தினமும் அரை மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் அதிகபட்சம் 45 யூனிட். நடக்கும் வேகத்தில் இதைவிடக் குறைவுதான். ஆனால், ஏ.சி ஓடும் வீட்டில் ஏற்கெனவே 480 யூனிட் வந்துகொண்டிருந்தால் கதை வேறு. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் அல்ல, கீழ் அடுக்குகளுக்கும் கூடுதல் விலை போட்டுவிடுவார்கள்.

இரண்டு, கீழ் வீட்டுக்காரர். காலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஓட்டம் அவர் வீட்டுக் கூரையில் இடியாக விழும். அடியில் கனமான ரப்பர் விரிப்பு கட்டாயம்.

மூன்று, குழந்தைகள். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனத்தின் 'ட்ரெட் பிளஸ்' மிஷினால் ஒரு குழந்தை இறந்தது. பலருக்குக் காயம். 2021-ல் அந்த மிஷின்களை நிறுவனம் திரும்பப் பெற்றது. எந்தப் பிராண்டாக இருந்தாலும், ஓடி முடித்ததும் பாதுகாப்புச் சாவியைக் கழற்றி உயரத்தில் வைத்துவிடுங்கள். பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். விழுந்தால் சுவருக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்காமல் இருக்கப் பின்பக்கம் ஆறு அடியாவது காலியாக இருக்கட்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

ஜிம்முக்குச் சாதகமான வலுவான காரணம் மாஸ்டர்தான். யூடியூப் வீடியோ உங்கள் முதுகு வளைவதைப் பார்க்காது. தவறாகத் தூக்கிய எடை இடுப்பைப் பிடித்த பிறகு, மருத்துவச் செலவில் இரண்டு வருடச் சந்தா போய்விடும். உடற்பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க முறையாகப் படித்த ஆள் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதும் அல்ல. தி.நகருக்குப் பக்கத்திலேயே, நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் நம்மை ஓடவிட்ட பி.டி. மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். எனவே ஜிம் மாஸ்டரிடம் "எங்கே படிச்சீங்க மாஸ்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் வாரமே பவுடர் டப்பாவை நீட்டினால் மட்டும் நீங்கள் யோசியுங்கள்.

பலருக்கும் கட்டுப்படியாகும் வழி ஒன்று உண்டு. மூன்று மாதம் ஜிம்மில் சேர்ந்து ஏழெட்டுப் பயிற்சிகளைச் சரியாகக் கற்றுக்கொள்வது. பிறகு அவற்றையே வீட்டில் தொடர்வது. ஒரு நிபந்தனை: படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் கனமான பாரைத் தூக்கும் பயிற்சியை, பிடிக்க ஆள் இல்லாமல் வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது. 40 வயதைக் கடந்தவர்கள், பிரஷர், சுகர், இதயப் பிரச்னை உள்ளவர்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

வீடு யாருக்கு ஜிம்?

இதுவரை போட்டதெல்லாம் பணக் கணக்கு. இனிதான் அசல் கணக்கு.

'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-ல் வெளியான ஆய்வின்படி, போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் இந்திய ஆண்களில் 42 சதவிகிதம். பெண்களில் 57 சதவிகிதம். 'நாள் முழுக்க வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கா உழைப்பு இல்லை?' என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வந்தது. ஆனால், மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். நின்றுகொண்டே சமைப்பதும், பாத்திரம் கழுவுவதும் உடம்பைக் களைப்பாக்குகின்றன. ஆனால், இதயமும் தசைகளும் கேட்கும் உழைப்பாக அது பெரும்பாலும் கணக்கில் சேர்வதில்லை. களைப்பும் மிச்சம், பயிற்சியும் இல்லை.

இப்போது அந்த வீட்டில் ஒரு டிரெட்மில் வாங்கிப் போடுங்கள். அப்பா அதில் ஏறி நடக்கும்போது, "அப்பா வாக்கிங் போறார், தொந்தரவு பண்ணாதே" என்று வீடே அடங்கும். அதே மிஷினில் அம்மா ஏறினால்? எட்டாவது நிமிடத்தில் குக்கர் விசில். பதினோராவது நிமிடத்தில் "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" பதினான்காவது நிமிடத்தில் கூரியர்காரர் காலிங் பெல்லை அடிப்பார். கதவைத் திறக்க இறங்கி வருவதும் அம்மாதான். மிஷின் எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. நேரம் பொதுவாக இல்லை.

இப்படிப்பட்ட வீட்டில், வெளியே இருக்கும் ஜிம்மின் சந்தா என்பது கருவிகளுக்கான வாடகை மட்டும் அல்ல. யாரும் கூப்பிட முடியாத ஒரு மணி நேரத்துக்கான விலையும் அதில் அடங்கியிருக்கிறது. அப்படிப் பார்த்தால் சந்தா கட்ட வேண்டிய முதல் ஆள், 'எனக்கெதுக்கு' என்று ஒதுங்கும் அம்மாதான். பல ஜிம்களில் காலை பத்து மணிக்கு மேல் லேடீஸ் பேட்ச் இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கும் கணவர் ஆபீஸுக்கும் போன பிறகு தோதான நேரம். சேரும் முன் பெண் டிரெய்னர் இருக்கிறாரா, உடை மாற்றும் அறை ஒழுங்காக இருக்கிறதா, அங்கே கேமரா எதுவும் இல்லையா என்று நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். மாலை நேர பேட்ச் என்றால், மாடிப்படியிலும் தெருவிலும் வெளிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாறாக, ஷிஃப்டில் வேலை பார்க்கும் இளைஞருக்கும், இரவு பத்து மணிக்கு லேப்டாப்பை மூடுபவருக்கும், யார் கண்ணிலும் படாமல் ஆரம்பிக்க நினைக்கும் கூச்ச சுபாவிக்கும் வீட்டுப் பாயும் டம்ப்பெல்லும்தான் சரி. கைக்குழந்தை உள்ள தாய்க்கும் சில காலம் வீடுதான் வழி. ஆனால், அந்த அரை மணி நேரம் குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு டம்ப்பெல்லுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

பூங்காவை மறந்துவிட்டோமே!

1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து இந்த நகரைத் திட்டமிட்டவர்கள், கடைகளை மட்டும் நினைத்து வரையவில்லை. நடுவில் பனகல் பூங்காவையும், வெங்கட்நாராயணா சாலையில் நடேசன் பூங்காவையும் வைத்தார்கள். நடேசன் பூங்காவில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வியாபாரி, ரிட்டயர்டு அதிகாரி, மாமியார், மருமகள் எல்லோரும் ஒரே பாதையில் சுற்றிக்கொண்டிருப்பார்கள். 2019-ல் அகலப்படுத்திய பாண்டி பஜார் நடைபாதையும், கடை திறப்பதற்கு முன்பு ஒரு நல்ல நடைப் பாதைதான். மாநகராட்சியின் பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் பல இடங்களில் உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் வார்டில் எங்கே என்று ஒரு முறை விசாரித்துவிட்டு, பிறகு பர்ஸைத் திறக்கலாம்.

பணம் கட்டும் முன் ஒரு நான்கு வாரப் பரீட்சை

எதை வாங்குவது என்று இன்னும் குழப்பமா? எதையும் வாங்காமல் நான்கு வாரம் ஒரு பரீட்சை வைத்துப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள், ஒரே நேரம், அரை மணி. பூங்காவில் நடை, இரண்டு நாள் வீட்டில் தண்டாலும் பஸ்கியும். செய்த நாளில் தினசரி காலண்டர் தாளில் ஒரு டிக். செய்யாத நாளில், ஏன் செய்யவில்லை என்று இரண்டு வார்த்தை. கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள்.

16 நாளில் 12 டிக் விழுந்திருந்தால் நீங்கள் எதை வாங்கினாலும் வீணாகாது. குறைந்திருந்தால், டிக் இல்லாத தாள்களைப் படியுங்கள். பதில் அங்கேதான் இருக்கிறது.

'வீட்டில் வேலை வந்துவிட்டது' என்றே திரும்பத் திரும்ப எழுதியிருந்தால், உங்களுக்கு வீட்டை விட்டு வெளியே ஓர் இடம் வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஒரு ஜிம், மூன்று மாதச் சந்தா.

'போய் வர நேரமில்லை', 'மழை', 'டிராஃபிக்' என்றிருந்தால் வீட்டுப் பாயும் டம்ப்பெல்லும் போதும்.

'என்ன செய்வதென்று தெரியவில்லை', 'முட்டி வலி' என்றிருந்தால் உங்கள் பணம் மாஸ்டருக்குப் போக வேண்டும். மிஷினுக்கு அல்ல. முட்டியை முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

'மனசு வரலை' என்பதே அதிகம் என்றால், எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு ஜோடியைத் தேடுங்கள். எதிர் வீட்டு அக்காவோ, ஆபீஸ் நண்பரோ, காலையில் கேட்டருகே உங்களுக்காகக் காத்து நிற்க ஓர் ஆள். அதற்குக் கட்டணம் இல்லை. ஏமாற்றவும் முடியாது.

பரீட்சையைத் தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை பாக்கி. இன்று ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்த அரை மணி நேரம் எது என்று பேசி முடிவு செய்யுங்கள். அம்மாவின் நேரத்தை முதலில் குறியுங்கள். அந்த நேரத்தில் குக்கரை யார் அணைப்பார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.